எட்டாம் வகுப்போடு முடியும் நட்பு

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் நீங்கலாக, மற்ற தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். அவர்களுக்காக அரசு பணம் தரும். ஆனால் இது எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளை வேறு பள்ளி தேட வேண்டியதுதான். எல்.கே.ஜி.யிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் பதினான்கு வயதில் பிரிகிறார்கள்.

யாரோடு பழகுவது என்பது பிள்ளைகளின் சொந்த விருப்பம், அதில் பெரியவர்களுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நட்பை உத்தரவு போட்டு வரவழைக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் யார் பக்கத்தில் யார் உட்காருவது, எந்த வயது வரை உட்காருவது என்பதைப் பெரியவர்கள்தான் ஏற்கெனவே தீர்மானித்துவிடுகிறார்கள்.

அதே பள்ளியில் தொடரும் பிள்ளைக்கும் விலகல் வேறு வழியில் வருகிறது. சுற்றுலா, பிறந்தநாள் ட்ரீட், டியூஷன், கையில் போன். பணமில்லை என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. "வீட்டுல விட மாட்டாங்க" என்கிறது; "எனக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காது" என்கிறது. நாலைந்து முறைக்குப் பிறகு கூப்பிடுவது நின்றுவிடும். சண்டையே இல்லாமல் ஒரு நட்பு போய்விடும். மானத்தைக் காக்க ஒரு சிறுவயது மனம் சொல்லும் இந்தப் பொய்யைக் குற்றமாகப் பார்ப்பது கொடுமை.

வசதியுள்ள நண்பன் செலவை ஏற்றால் தீராதா? ஓரிரு முறை அது அன்புதான். எப்போதும் ஒருவனே கொடுத்து மற்றவன் வாங்கிக்கொண்டிருந்தால், எதிர்த்துப் பேசும் உரிமை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். துரியோதனன் கர்ணனுக்கு அங்க நாட்டையே கொடுத்தான். அந்தக் கடன்தான் கர்ணனை அவன் பக்கமே நிறுத்தியது. காசு வேண்டாத இடத்தில் சந்திப்பது, மைதானத்தில், நூலகத்தில், யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில், இருவரையும் சமமாக வைக்கும். இந்த யோசனை வசதியுள்ளவனிடமிருந்து வர வேண்டும். மற்றவன் கேட்கும்படி விடக் கூடாது.

ஏழைப் பிள்ளைகளோடு பழகினால் தம் பிள்ளை கெட்டுவிடும் என்ற பெற்றோர் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பொருளியலாளர் கௌதம் ராவ் டெல்லியின் தனியார் பள்ளிகளில் செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகவே பார்த்தது. ஏழை மாணவரோடு படித்த வசதியான பிள்ளைகளிடம் தாராளம் கூடியது. ஏழைகளை விலக்கும் போக்கு குறைந்தது. ஆங்கில மதிப்பெண் சற்றே சரிந்ததையும் அவர் மறைக்கவில்லை. சில மதிப்பெண்களுக்காக அந்த மனமாற்றத்தை விட்டுக்கொடுப்பது நல்ல பேரமாகத் தெரியவில்லை.

சட்டத்தின் வரம்பைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டுவது அரசின் கையில் இருக்கிறது. சுற்றுலாவுக்கு எவ்வளவு வசூலிப்பது என்பதை அந்த வகுப்பின் மிக எளிய வீட்டை நினைத்து முடிவுசெய்வதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.