ஒரு நூலும் 127 பல்லும்

மரை ஒரே வெட்டில் முடிவதில்லை. 10 மி.மீ. தண்டில் 1.5 மி.மீ. பிட்ச் மரை வேண்டுமென்றால் டூல் ஏறக்குறைய 0.92 மி.மீ. உள்ளே இறங்க வேண்டும். வீட்டு லேத்துக்கு அத்தனையையும் ஒரே மூச்சில் எடுக்கும் பலம் கிடையாது. முதல் வெட்டு வெறும் கீறல். அடுத்தது அதே கீறலில் கொஞ்சம் ஆழம். அப்புறம் இன்னும் கொஞ்சம். அதனால் இந்த வேலையில் வெட்டுவது சின்னப் பங்கு. டூல் ஒவ்வொரு முறையும் விட்ட பள்ளத்துக்கே வந்து சேர வேண்டும், அதுதான் பெரும்பங்கு. மயிரிழை தள்ளி இறங்கினாலும் புது மரை பழையதைத் தின்றுவிடும்.

*

என் லேத்தில் டூலைச் சுமக்கும் கேரேஜை நகர்த்தும் நீண்ட திருகு, அதாவது லீட் ஸ்க்ரூ, அங்குலத்துக்கு 8 மரை கொண்டது. அது ஒரு சுற்று சுற்றினால் கேரேஜ் ஒரு நூல் நகரும். தச்சரும் கொத்தனாரும் சொல்கிற அதே நூல்தான், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

அங்குல மரை வெட்டும்போது இந்த லேத் தாராளமாக நடந்துகொள்கிறது. 8, 16, 24 என்று எட்டின் மடங்காக இருந்தால், கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு பூட்டும் ஹாஃப் நட்டை எந்த இடத்தில் போட்டாலும் டூல் பள்ளத்தில்தான் விழும். மற்ற மரைகளுக்குக் கேரேஜின் பக்கவாட்டில் ஒரு சின்ன டயல் இருக்கிறது. அதன் அடியில் உள்ள 32 பல் சக்கரம் லீட் ஸ்க்ரூவில் பதிந்திருப்பதால், 4 அங்குலத்துக்கு டயல் ஒரு சுற்று வரும். முகத்தில் எட்டுக் கோடு. இரட்டைப்படை மரை என்றால் எந்தக் கோட்டிலும் ஹாஃப் நட்டைப் போடலாம். ஒற்றைப்படை என்றால் எண் போட்ட நான்கு கோடுகளில் மட்டும்.

கோடு குறிக்கு நேரே வரும்வரை கை லீவரில் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடித்தது.

*

மில்லிமீட்டர் மரையில் அந்த டயலுக்கு வேலை இல்லை.

இந்தியாவில் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956இல் வந்தது. சட்டம் மாறியதும் இரும்பு மாறிவிடாது. அங்குல லீட் ஸ்க்ரூ போட்ட பழைய லேத்துகள் இன்னும் ஓடுகின்றன, அவற்றில் வெட்டக் கேட்கும் மரையோ பெரும்பாலும் மில்லிமீட்டரில். ஒரு நூல் என்பது 3.175 மி.மீ. அதிலிருந்து 1.5 மி.மீ. எடுக்க வேண்டுமானால் தண்டைச் சுற்றும் ஸ்பிண்டில் பக்கம் 60 பல் சக்கரம், லீட் ஸ்க்ரூ பக்கம் 127 பல் சக்கரம். ஸ்பிண்டில் 127 சுற்று சுற்றும்போது லீட் ஸ்க்ரூ சரியாக 60 சுற்று. இரண்டும் புறப்பட்ட நிலையில் மறுபடி சந்திப்பது 190.5 மி.மீ. தாண்டிய பிறகு. நான் வெட்டும் துண்டின் நீளமோ 40 மி.மீ.

ஆகவே ஒரே வழிதான். ஹாஃப் நட்டைப் போட்டால் மரை முடியும்வரை திறக்கவே கூடாது. வெட்டு முடிந்த இடத்தில் நிறுத்தி, டூலைப் பின்னுக்கு இழுத்து, முழுக் கியர் தொடரையும் தலைகீழாகச் சுற்றிக் கேரேஜைத் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். கியர் பற்களிலும் நட்டிலும் உள்ள தளர்ச்சியால் திரும்பும் வழியில் டூல் பள்ளத்துக்கு நேராக இருக்காது, இழுக்காமல் திருப்பினால் மரையைக் கெடுக்கும். அதே காரணத்துக்காக, தண்டின் முனையைத் தாண்டி இன்னும் கொஞ்சம் பின்னே போய்த்தான் மறுபடி முன்னே வர வேண்டும். தளர்ச்சி முழுதும் ஒரு பக்கமாக ஒதுங்கிய பிறகே டூல் உலோகத்தைத் தொடலாம்.

*

மரையால் பூட்டிய சக் தலைகீழாக ஓடினால் கழன்று வரப் பார்க்கும். அதனால் மில்லிமீட்டர் மரையை நான் மோட்டாரில் வெட்டுவதில்லை. பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, ஸ்பிண்டிலின் பின்துளையில் கைப்பிடியைப் பொருத்திக் கையாலேயே சுற்றுகிறேன்.

நேரம் பிடிக்கும் முறைதான், ஆனால் இதைவிட நல்ல முறையை நான் அறியேன். மோட்டார் ஓடும்போது காதுக்கு எட்டாத பல சங்கதிகள் கையில் ஏறி வருகின்றன. எண்ணெய் வற்றிய இடத்தில் கைப்பிடி கனக்கிறது. டூலின் ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் சுருள் ஒற்றையாக, லேசாக வருகிறது. இரண்டு பக்கமும் சேர்ந்து வெட்டத் தொடங்கியதும் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி, கைப்பிடி திமிறுகிறது. எஃகை வெட்டும்போது மேல் ஸ்லைடைச் சாய்த்து வைத்து ஒரு பக்கமாகவே இறக்கச் சொல்வது இதற்காகத்தான். கணக்கை முன்பே படித்திருக்கிறேன், ஆனால் நம்பியது கைக்குப் புரிந்த பிறகு. தோள்வரை மரை போக வேண்டிய துண்டிலும் அவசரம் இல்லை. கடைசி அரைச் சுற்றைக் கால் சுற்றாக்கி, தோளைத் தொடும் முன் நிறுத்திவிடலாம்.

*

127 எங்கிருந்து வந்தது? 1959இல் பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட ஆறு நாடுகள் கூடி ஓர் அங்குலத்தை 25.4 மி.மீ. என்று ஒப்புக்கொண்டன. 254இன் பாதி 127. அது பகா எண், அதற்குமேல் உடையாது.

பெரிய சக்கரத்துக்கு இடமில்லாத லேத்துகளில் 63 பல்லை வைத்துச் சமாளிப்பார்கள். 127ஐ 63ஆல் பெருக்கினால் 8001, கிட்டத்தட்ட 8000. பிழை 8000க்கு 1, அவ்வளவுதான். 40 மி.மீ. மரையில் 0.005 மி.மீ. எந்த நட்டும் அதைக் கண்டுகொள்ளாது. ஆனாலும் முழுச் சக்கரமே வேண்டும் என்றிருக்கிறது எனக்கு. துல்லியத்துக்காக அல்ல, இரண்டு அளவைகளும் மிச்சமில்லாமல் பொருந்துவதைப் பார்ப்பதற்காக.

*

அந்தச் சக்கரத்தைச் செய்ய வட்டத்தை 127 ஆகப் பிரிக்க வேண்டும். டிவைடிங் ஹெட்டில் கைப்பிடியின் 40 சுற்று வேலைத்துண்டின் ஒரு சுற்று. 40ஐ 127ஆல் வகுக்க 127 துளை வட்டம் வேண்டும், சாதாரணத் தட்டில் அது கிடையாது. தட்டையே கியர் போட்டு நகர்த்தும் முறை ஒன்று உண்டு, அதற்கு வேண்டிய ஹெட் வீட்டில் இல்லை.

தையற்காரர் டேப் இருக்கிறது. 5 மி.மீ.க்கு ஒரு பங்கு என்றால் 127 பங்குக்கு 635 மி.மீ., அதாவது சரியாக 25 அங்குலம். 202 மி.மீ. விட்டத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிளைவுட் வட்டு ஒன்றைக் கடைந்து, டேப்பைச் சுற்றிப் பார்த்து, 635ஆம் கோடு தொடக்கக் கோட்டின் மேல் வந்து உட்காரும்வரை விளிம்பைச் சீவினால் போதும். வட்டை ஸ்பிண்டிலின் பின்முனையில் மாட்டி, எதிரே ஒரு முள். டேப் சற்று இழுபட்டிருந்தாலும் பாதகமில்லை, எல்லா இடத்திலும் ஒரே சீராக இழுபட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பல்லின் அளவு மாட்யூல் 1 என்றால் பல்லின் வட்டம் 127 மி.மீ. விட்டம். வட்டு அதைவிடப் பெரியது என்பதால் குறியில் உள்ள பிழை பல்லுக்குச் சுருங்கித்தான் வரும்.

வட்டத்துக்கு யாரும் அளவுகோல் தர வேண்டியதில்லை. முழுச் சுற்று எந்த ஊரிலும் முழுச் சுற்றே. ஒரு பங்கு பெருத்தால் இன்னொரு பங்கு சிறுத்தே ஆக வேண்டும், சுற்றி வந்தால் கணக்கு வெளிப்பட்டுவிடும். நீளம் அப்படியல்ல. யாரோ தந்த நீளத்திலிருந்துதான் என் நீளம். நான் வெட்டும் ஒவ்வொரு மரையும் இந்த லீட் ஸ்க்ரூவின் பிள்ளை. இது வேறொரு லீட் ஸ்க்ரூவின் பிள்ளை. எல்லோரும் சக்குக்குப் பக்கத்திலேயே வேலை செய்வதால் அந்தப் பகுதி அதிகம் தேய்ந்திருக்கிறது. அந்தத் தேய்வும் என் மரைக்குள் வருகிறது.

லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் 1770களில் செய்த பிரிப்பு யந்திரத்தில் 45 அங்குலச் சக்கரம், விளிம்பில் 2160 பல். திருகை ஆறு சுற்றினால் சக்கரம் ஒரு பாகை நகரும். மாலுமிகளின் கோணமானிகளுக்குக் கோடு கீற அது. அதன் விளக்கம் 1777இல் அச்சானது. வட்டத்தைப் பிரிக்க அவருக்கு நல்ல திருகு தேவைப்பட்டது, திருகுக்காகத் தனி லேத் செய்தார். எனக்கு வரிசை தலைகீழ். நல்ல மரைக்காக வட்டத்தைப் பிரிக்கிறேன்.

*

இனி பல் வெட்டும் வரிசை. ஒன்றை அடுத்து ஒன்றாக வெட்டினால் கட்டர் மழுங்க மழுங்க, கடைசிப் பல்லும் முதல் பல்லும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேறுபாடு அங்கேயே குவியும். 127 பகா எண் என்பது இங்கே கைகொடுக்கிறது. எத்தனை தாவித் தாவி வெட்டினாலும், எல்லாப் பள்ளத்தையும் தொட்ட பிறகே புறப்பட்ட இடம் வரும். 45 கோட்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்கிறேன். 0, 45, 90, அதற்குப் பின் 8, 53, 98. தேய்வும் சூடும் சக்கரம் முழுதும் பரவிவிடும். கோடுகளுக்கு எண் எழுதி, வெட்டியதை அடிக்க ஒரு தாளும் தயார். 55 முதல் 134 பல் வரைக்கான கட்டர் வாங்கியாயிற்று.