விளையாட்டில் ஒளிந்த விலை

சூது என்றவுடன் நம் நெஞ்சில் எழுவன பகடையும் சீட்டும் பந்தயப் பணமுமே. ஏழு வியசனங்களுள் சூதினை முதலில் வைத்து ஆன்றோர் விலக்கினர். திருக்குறளிலும் அதற்கென ஓர் அதிகாரம் உண்டு. இவ்வறவுரைகளைக் கேட்டு வளர்ந்த நம் குடும்பங்களில் பணம் வைத்துச் சீட்டாடுவோரை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆதலின் நம் பிள்ளைகளைச் சூது தீண்டாது என்று நாம் அமைதி கொண்டிருக்கின்றோம். அவ்வமைதி சரியானதா என்று ஆராய வேண்டிய நிலை எனக்கு என் வீட்டிலேயே நேர்ந்தது.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிப்பவன். சென்ற கோடை விடுமுறையில் என் மகள் வயிற்றுப் பெயரன், 13 வயதினன், ஆறு வாரம் எங்களுடன் தங்கியிருந்தான். கண்பார்வை குறைந்துவிட்டமையால், மளிகைக் கடைக்குப் பணம் செலுத்துவதற்காக என் கைப்பேசியின் இரகசிய எண்ணை நானே அவனுக்குச் சொல்லியிருந்தேன். விடுமுறை முடியும் தறுவாயில் வங்கிக்குச் சென்று கணக்குப் புத்தகத்தில் வரவு செலவைப் பதியச் செய்தேன். பக்கங்கள் நிரம்பிப் புதுப்புத்தகம் வாங்கும்படி ஆயிற்று. ஒரே பெயருக்கு 52 முறை பணம் சென்றிருந்தது. 29 ரூபாய் 40 தடவை, 89 ரூபாய் 12 தடவை. மொத்தம் 2,228 ரூபாய். யாவும் பலர் கூடி ஆடும் ஓர் இணைய விளையாட்டுக்குச் சென்றவை.

"தாத்தாவின் பணத்தைத் திருடலாமா?" என்று கடிந்துகொண்டேன். அவன் அழுதுகொண்டே, "நான் திருடவில்லை தாத்தா. ஒவ்வொரு தடவையும் இருபத்தொன்பது ரூபாய்தானே!" என்றான். மொத்தம் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கேட்டேன். சற்று எண்ணிப் பார்த்து, "முந்நூறு ரூபாய் இருக்கும்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை, அவ்வாறே நம்பியிருந்தான். கணக்குப் புத்தகத்தைக் காட்டியபோது அவன் முகம் வெளுத்ததைக் கண்டபின் என் சினம் தணிந்தது. கணக்கில் தேர்ந்த ஒரு சிறுவன் தான் செலவிட்டதில் ஏழில் ஒரு பங்கைக்கூட அறியாதிருந்தது எங்ஙனம் என்னும் வினா மட்டும் எஞ்சியது.

மைக்ரோ டிரான்சாக்‌ஷன் எனப்படும் இச்சிறுதொகை வாணிகத்தின் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம். விளையாட்டு இலவசமாகக் கிடைக்கும். ஆடத் தொடங்கிய பின், ஆடுவோனின் உருவத்திற்கு அழகிய உடை, துப்பாக்கிக்குப் புதிய வண்ணம், வெற்றி பெற்றால் ஆடும் நடனம் ஆகியவை சிறு சிறு தொகைக்கு விற்கப்படும். 2006 ஏப்ரலில் அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் 'ஒப்லிவியன்' என்னும் விளையாட்டில் குதிரைக்கு ஒரு கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றபோது, கணினியில் தோன்றும் குதிரைக்குக் கவசமா என்று பலர் எள்ளி நகையாடினர். அன்று நகைப்புக்கு இடமான வாணிகமே இன்று உலகின் பெரும் விளையாட்டு நிறுவனங்களின் முதன்மை வருவாய்களுள் ஒன்றாகி நிற்கின்றது.

இதில் அறப்பிழை எங்கே உள்ளது? பொருளுக்குப் பணம் வாங்குதல் பிழையன்று. ஓவியம் தீட்டியவருக்கும் கணினி நிரல் எழுதியவருக்கும் ஊதியம் வேண்டும். உடை அழகாக இருக்கின்றது, விலை இவ்வளவு என்று கூறி விற்றால் அது நேர்மையான வாணிகமே. கண்ணால் தொட்டு உணர முடியாத பொருள் என்பதனாலும் அது குற்றமாகாது. இசைக்கும் நாடகத்திற்கும் நாம் பணம் கொடுக்கின்றோம் அன்றோ?

நம் ஊர்ப் பெரிய மார்க்கெட்டில் நிகழ்வதாக ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். காய் வாங்கச் செல்கிறீர்கள். கடைக்காரர் ரூபாயை வாங்க மறுக்கின்றார். "முதலில் என்னிடம் கண்ணாடி மணிகள் வாங்குங்கள், 89 ரூபாய்க்கு 60 மணி" என்கின்றார். வாங்குகிறீர்கள். கத்தரிக்காய் 45 மணி என்கின்றார். மீதி 15 மணிக்கு அக்கடையில் எப்பொருளும் இல்லை. அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் மாட்டார். அடுத்து ஒரு மூடிய கூடையைக் காட்டி, "30 மணி கொடுங்கள், உள்ளே மாம்பழமும் இருக்கலாம், வாடிய கீரையும் இருக்கலாம்" என்கின்றார். அக்கடையில் நாம் ஒரு நொடியும் நிற்க மாட்டோம். எடைக்கல்லில் முத்திரை உண்டா என்று சோதிக்கும் எடையளவுத் துறையினரும் அவரை விட்டுவைக்க மாட்டார். ஆயினும் கைப்பேசியில் இதே வாணிகம் நாள்தோறும் நடைபெறுகின்றது. ரூபாய் முதலில் வைரமாகவோ பொற்காசாகவோ மாற்றப்படுகின்றது. மாறியவுடன் அதன் விலைமதிப்பு நம் மனத்தினின்று நழுவிவிடுகின்றது. லூட் பாக்ஸ் என்னும் அதிர்ஷ்டப் பெட்டியோ அந்த மூடிய கூடையேதான். என் பெயரன் முந்நூறு என்று எண்ணியதன் காரணம் இதுவே. அவன் ரூபாயை எண்ணவில்லை, மணிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் கள்ளாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறியுள்ளதை நாம் அறிவோம். கள்வனை ஏவுதலும் களவுப் பொருளைக் கொள்ளுதலும் மட்டும் அவற்றுள் அடங்கவில்லை. அளவைகளைக் கூட்டியும் குறைத்தும் வாணிகம் செய்தலும், ஒன்றுக்குப் போலியாக மற்றொன்றைக் காட்டி விற்றலும் அங்கே இடம்பெறுகின்றன. பொருளைப் பறித்தல் மட்டுமே களவாகாது; வாங்குபவன் அளவை அறியாதபடி செய்தலும் களவின் இனமே என்பது இதனால் பெறப்படும். வாங்குபவன் மனம் ஒப்பித்தான் கொடுத்தான் என்று விற்பவர் கூறலாம். எவ்வளவு கொடுக்கின்றோம், எதற்குக் கொடுக்கின்றோம் என்று அறியாதவன் தரும் ஒப்புதலை ஒப்புதல் எனக் கொள்ளல் ஆகுமா? அவன் சிறுவனாயின் சொல்லவே வேண்டுவதில்லை.

உலக நாடுகள் சில இதனை உணரத் தலைப்பட்டுள்ளன. பரிசுகளின் முழுத் தொகுதியைச் சேர்க்கத் தூண்டும் ஒருவகைக் குலுக்கல் விற்பனையை 2012இல் ஜப்பான் அரசு சட்டத்திற்கு மாறானது என அறிவித்தது. பெட்டிக்குள் எப்பொருள் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை வெளியிட வேண்டும் என 2017இல் சீனா விதித்தது. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம், பணம் கொடுத்துத் திறக்கும் இப்பெட்டிகள் சூதாட்டமே எனக் கூறிற்று. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம், 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், ஆடுவோரை அறியாமல் பொத்தானை அழுத்தச் செய்து பணம் பெற்றது என்று குற்றஞ்சாட்டியது. அந்நிறுவனம் 24.5 கோடி டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர உடன்பட்டது.

நம் நாட்டில் 2023 நவம்பர் 30ஆம் நாள் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வாங்குபவரை ஏமாற்றும் 13 வகைத் திரை உத்திகளைத் தடுக்கும் நெறிகளை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2023இல் நடைமுறைப்படுத்திய இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் கோட்டக்குப்பத்தோடு நின்றது. ஒன்றியப் பகுதியாகிய நம் புதுச்சேரிக்கு அது பொருந்தவில்லை. 2025 ஆகஸ்டு 22ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற நடுவண் சட்டமோ நாடு முழுமைக்கும் உரியது. அது பணம் வெல்லும் ஆசையில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை விலக்குகின்றது. எனினும் உடைக்கும் வண்ணத்திற்கும் பணம் கொடுத்து, பணமாக எதையும் திரும்பப் பெறாத ஆட்டம் அச்சட்டத்தின் முதன்மை இலக்கு அன்று. சட்டத்தின் வேலி முடியும் இடத்தில் இல்லறத்தான் தன் விரதத்தால் வேலி கட்ட வேண்டியவனாகின்றான்.

வேலியை விற்பவரே கட்டித் தருவார் என்று நம்புதல் பேதைமை. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்ட பின், கிராஃப்டான் நிறுவனம் 2021 ஜூலையில் அதன் இந்திய வடிவத்தை வெளியிட்டது. 18 வயது நிரம்பாதோர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஆடலாம், 7,000 ரூபாய் வரை செலவிடலாம் என்று அந்நிறுவனமே வரம்பு வகுத்தது. வரம்பு இன்மையினும் வரம்பு நன்று. ஆயினும் நாளொன்றுக்கு 7,000 என்றால் முப்பது நாளுக்கு 2,10,000 ரூபாய். ஒரு பள்ளிப் பிள்ளைக்கு இதுவோ வரம்பு? விற்பவன் வகுக்கும் எல்லை அவன் இலாபத்தை ஒட்டியே அமையும். பரிக்கிரக பரிமாணம் என்பது வாங்குபவன் தானே, ஆசை எழுமுன்னரே, தனக்கு வகுத்துக்கொள்ளும் எல்லையாகும்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். "ஆடுவோரில் பெரும்பாலோர் ஒரு காசும் செலவிடுவதில்லை. விரும்பிய சிலர் கொடுக்கும் பணத்தால் பலருக்கு இலவச இன்பம் கிடைக்கின்றது. இதில் தீங்கு யாது?" என்பர். இத்தடை வலிமையுடையது, ஒதுக்கிவிடத் தக்கதன்று. செல்வமும் தெளிவும் உடையோர் அறிந்து கொடுத்தால் தீங்கில்லை. ஆனால் மிகுதியாகச் செலவிடும் சிலரை இத்தொழிலில் உள்ளோர் 'திமிங்கிலங்கள்' என்று அழைக்கின்றனர். அவர்களுள் செல்வரும் இருப்பர். தம்மை அடக்க இயலாத எளியோரும் இருப்பர். இலவசமாக ஆடுபவன் எவருடைய பணத்தில் ஆடுகின்றான் என்பதை அறிய வழியில்லை.

மேலும் தனியே ஆடும் ஆட்டத்தில் அழகிய உடை எவருக்கும் வேண்டுவதில்லை. நூறு பேர் காண்பர் என்பதனாலேயே அது விலை போகின்றது. அந்த உடையால் ஆட்டத்தில் பயன் உண்டா என்று பெயரனைக் கேட்டேன். "இல்லை. வாங்காதவனைக் கேலி செய்வார்கள்" என்றான். அங்ஙனமாயின் பணம் கொடாமல் நின்று கேலி செய்பவனும் அவ்வாணிகத்தின் கருவியே. செய்தல், செய்வித்தல், உடன்படல் என்று வினையின் வாயில்களை மூன்றாகப் பகுத்த நம் ஆன்றோரின் நுட்பம் இங்குத் தெளிவாக விளங்குகின்றது. பலர் கூடி ஆடும் ஆட்டத்தில் ஒருவன் செலவிடுகின்றான். நிறுவனம் செலவிடச் செய்கின்றது. சூழ நிற்போர் வியந்தும் இகழ்ந்தும் அதற்கு உடன்படுகின்றனர். நான் ஒரு காசும் கொடுக்கவில்லை என்று கூறும் பிள்ளையிடமும் நாம் பேச வேண்டியது உண்டு. உடை வாங்காதவனை இகழாதே என்பதே அது.

இனி என் வீட்டுச் செய்திக்கு வருகின்றேன். மூன்று வாயில்களையும் எண்ணிப் பார்த்தபோது அவற்றுள் ஒன்றில் நானும் நின்றிருந்தேன். இரகசிய எண்ணைக் கொடுத்தவன் நான். 52 முறை வந்த குறுஞ்செய்திகளுள் ஒன்றையேனும் பிறரைக் கொண்டு படித்தறியாதவனும் நான். பகலில் அவன் கைப்பேசியோடு அடங்கியிருந்தது எனக்கும் வசதியாகவே இருந்தது. ஆதலின் அவனை மட்டும் கள்வன் என்றது முறையன்று என்று அவனிடமே கூறினேன். 2,228 ரூபாயை இருவரும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டோம். அவன் பங்கு 1,114 ரூபாயைத் தீபாவளிக்குப் பெறும் பணத்திலிருந்து தருவதாக ஒப்புக்கொண்டான். என் பங்கிற்கு ஒரு மாதம் என் சிறு செலவுகளைக் குறைத்துக்கொண்டேன். மூன்றாம் பங்காளியிடம் வசூலிக்க வழியில்லை.

விளையாட்டை அறவே விலக்கிவிடு என்று நான் கூறவில்லை. கூறியிருந்தால் மறைவில் ஆடியிருப்பான். கள்ளத்தோடு பொய்யும் சேர்ந்திருக்கும். இருவரும் கூடி மூன்று விதிகளை வகுத்தோம். மாதத் தொடக்கத்திலேயே ஒரு தொகையைக் குறித்துக்கொள்ளல். அது மிகச் சிறிதாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். செலவிடும் ஒவ்வொன்றையும் வைரத்தில் எழுதாமல் ரூபாயில் ஒரு குறிப்பேட்டில் எழுதல். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத பெட்டியை ஒருபோதும் விலை கொடுத்துத் திறவாமை. மூன்றாவது விதியை அவனே சேர்த்தான்.

குடும்பத் தலைவர்களும் தாய்மார்களும் தத்தம் இல்லங்களில் இவ்வாறு ஒருமுறை அமர்ந்து பேசுவார்களாக. பிள்ளையை விசாரிக்குமுன் நம் கணக்குப் புத்தகத்தையும் நம் கவனக்குறைவையும் விசாரித்துக்கொள்வோமாக. சென்ற திங்கள் தொலைபேசியில் பேசியபோது பெயரன், "தாத்தா, இந்த மாதம் 89 ரூபாய். எழுதிவிட்டேன்" என்றான். அதுவும் வீண்செலவே என்று சொல்ல நா எழுந்தது. அளவறிந்து செலவிட்டு, கேளாமலேயே சொல்லிவிட்டானே என்று அடக்கிக்கொண்டேன்.