ஐயம் எழாத பிழை

ஓர் அறிவு மெய்யானது என்பதை அந்த அறிவே காட்டிவிடுமா, அல்லது அதற்குப் புறத்தே வேறொரு சான்று வேண்டுமா என்பது இந்திய மெய்யியலில் பல நூற்றாண்டுகள் நீடித்த வழக்காகும். மறுக்கும் சான்று எழும்வரை அறிவைத் தன்னளவிலேயே மெய்யெனக் கொள்ள வேண்டும் என்றனர் மீமாம்சகர். இக்கொள்கை ஸ்வதப்பிராமாண்யம் எனப்படும். தொலைவில் தெரிவது நீரா கானலா என்பதைத் தாகம் தணிவதே உறுதிசெய்வது போல, அறிவின் மெய்ம்மை அதன்வழிச் செயற்பட்டுப் பெறும் பயனால் துணியப்படும் என்றனர் நியாய நெறியினர், இது பரதப்பிராமாண்யம். ஆனால் அறிவின்படிச் செய்யும் செயல் மீட்க முடியாததாக இருக்குமிடத்தில், பயனைக் கண்டு மெய்ம்மையைத் துணியும் வழி காலங்கடந்ததாகிவிடுகிறது.

பித்தப்பையை அகற்றும் அறுவை அத்தகைய செயலாகும். பித்தப்பையிலிருந்து புறப்படும் சிறு குழாயாகிய பித்தப்பை நாளத்தைக் கவ்வியிட்டு அறுக்க வேண்டும். கல்லீரலின் பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளத்தை அறுக்கவே கூடாது. அழற்சியால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்போது ஒன்று மற்றொன்றாகத் தோன்றக்கூடும். அத்தோற்றத்தை நம்பிப் பொதுநாளத்தை அறுத்துவிட்டால், குடலின் ஒரு பகுதியைக் கொண்டு பித்தவழியைப் புதிதாக அமைக்கும் பேரறுவை தேவைப்படலாம். 1931-இல் அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் பாப்லோ மிரிஸ்ஸி, அறுவையின்போதே நாளத்துள் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் செலுத்திப் படமெடுக்கும் கோலாஞ்சியோகிராஃபி முறையைத் தொடங்கினார். நாளங்களில் தங்கிய கற்களைக் கண்டறிவதற்கு உதவும் இம்முறை, அறுக்கவிருக்கும் குழாய் எது என்பதற்கும் சான்றாகிறது.

இப்படத்தை எல்லா நோயாளிகளுக்கும் எடுப்பதா, ஐயம் எழும்போது மட்டும் எடுப்பதா என்பதில் அறுவை மருத்துவரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. இதைத் துணிய ஒரு பழைய பாகுபாடு உதவும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியாரில், அறிவுவழிகளை ஆராயும் அளவைப் பகுதி, மெய்யான காட்சி ஐயம், திரிபு ஆகிய இரண்டும் அற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. இதுவா அதுவா எனத் தடுமாறுவது ஐயம், ஒன்றை மற்றொன்றாகவே துணிந்துவிடுவது திரிபு. ஐயம் தன்னைத் தானே அறிவித்துவிடுகிறது. திரிபோ உறுதியின் வடிவிலேயே வருகிறது. லாரன்ஸ் வே என்பவரும் அவருடைய குழுவினரும் 252 பித்தநாளக் காயங்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றுள் 97 விழுக்காட்டுக்குக் காட்சிப் பிறழ்வே முதன்மைக் காரணம் என்றும், கைத்திறக் குறை மிகச் சிலவற்றிலேயே காரணம் என்றும் கண்டது. ஆகவே ஐயம் எழுந்தால் மட்டுமே சோதிப்பது என்னும் விதி, சோதனை மிகவும் தேவைப்படும் இடத்தைத் தவறவிட்டுவிடுகிறது.

சான்றுக்கும் சான்று வேண்டுமெனில் அது முடிவின்றி நீளும் என்னும் மீமாம்சகரின் தடை இங்கும் எழும். ஏனெனில் படத்தையும் ஒருவர் பிழையாகப் படிக்கலாம். பொதுநாளத்தையே பித்தப்பை நாளமெனக் கருதிக் கவ்வியிட்டிருந்தால், மருந்து கீழே குடலுக்கு இறங்குமேயன்றி மேலே கல்லீரல் நாளங்களில் நிரம்பாது. இருப்பதைக் காண்பதோடு நில்லாமல், இருக்க வேண்டியது இல்லாமையையும் அறிகின்றவருக்கே அப்படம் உண்மையைச் சொல்லும். படத்துக்காக இடும் சிறு கீறலும் தவறான நாளத்தில் விழக்கூடும் என்பது மெய்யே. எனினும் கீறலைச் சீர்செய்வது முழுதும் அறுபட்ட நாளத்தைச் சீர்செய்வதைவிட எளிது.

சோதனையை எங்கே நிறுத்துவது என்பதை அறிபவரின் மனநிறைவு தீர்மானிக்கலாகாது. செயல் எந்த அளவுக்கு மீளாததோ அந்த அளவுக்கு அது நீள வேண்டும். அதே கண்ணால் மீண்டும் பார்ப்பது அதே திரிபை மீண்டும் காண்பதாகலாம் என்பதால், சான்று வேறொரு வழியில் வர வேண்டும். மயக்கத்தில் கிடக்கும் நோயாளி மறுத்துரைக்க இயலாதவர்; அவருக்காக மறுத்துரைக்கும் வாய்ப்பைத் தன் உறுதிக்கு எதிராகவே ஏற்படுத்திக்கொள்வது அறுவை மருத்துவரின் அறிவுக்கடமை மட்டுமன்று, அறக்கடமையுமாகும்.