பழகிய கை

ஒரு தொழிலில் தேர்ந்துவிட்ட கை, பிறிதொரு தொழிலைக் கற்கத் தடையாக நிற்குமா? நிற்கும் என்றே பேரறிஞர் இப்னு கல்தூன் கருதினார். திரும்பத் திரும்பச் செய்வதால் உள்ளத்தில் வேரூன்றிவிடும் திறனை, 1377ஆம் ஆண்டில் எழுதிய ‘முகத்திமா’வில் அவர் ‘மலகா’ என்று குறிக்கிறார். தையலில் அத்திறன் முற்றிப்போனவர் பின்னர் தச்சு வேலையிலும் தேர்வது அரிது என்பது அவர் காட்டும் சான்று.

இக்கூற்றை எடைபோட்டுப் பார்க்க நம் காலத்துப் பொருளொன்று உதவுகிறது. ஜப்பானிய நின்டெண்டோ நிறுவனம் 2006ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட ‘வீ’ என்னும் விளையாட்டுச் சாதனத்தின் ரிமோட் அது. அதன் முனையில் அகச்சிவப்பு ஒளியைக் காணும் சிறு கேமரா உண்டு. தொலைக்காட்சியின்மேல் வைக்கும் பட்டைதான் நம்மைப் பார்க்கிறது என்று பலர் எண்ணினர். உண்மையில் பட்டை இரு முனைகளிலும் ஒளியை உமிழ்வதோடு சரி. பார்ப்பது கையிலிருக்கும் ரிமோட்டே. பட்டைக்குப் பதிலாக இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்து வேலையை நடத்தியவர்களும் உண்டு! அது ப்ளூடூத் வழியே பேசுவதால், ஆர்வலர்கள் விரைவிலேயே அதைக் கணினியோடு இணைத்து மவுஸாகப் பயன்படுத்தத் தொடங்கினர்.

கணினியில் பல்லாண்டு பழகியவர் அதைக் கையிலெடுத்தால் என்ன நேர்கிறது? அம்புக்குறி நடுங்குகிறது. மவுஸைப் பிடித்த கையை மேசை தாங்கும். இங்கே மணிக்கட்டு அந்தரத்தில் நிற்பதால் அதன் சிறு அசைவும் திரையில் பெரிதாகிறது. பொத்தானை அழுத்தும் அழுத்தத்திலேயே குறி விலகிவிடுகிறது. சற்று நேரத்தில் தோளும் வலிக்கிறது. “மவுஸ்தான் இயல்பானது” என்று அவர் சலித்துக்கொள்வார்.

இயல்பானது எது? வேண்டிய பொருளை நோக்கிக் கையை நீட்டுவதைப் பேச்சு வராத மழலையும் செய்கிறது. மேசையின்மேல் ஒன்றை முன்னே தள்ளினால் எதிரே நிற்கும் திரையில் அம்பு மேலேறும் என்பதையோ எந்தக் குழந்தையும் பிறவியிலேயே அறிந்திருக்கவில்லை. 1964இல் டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் ஆய்வுக்கூடத்தில் மரப்பெட்டியாக உருவாகி, 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் மக்கள் முன் காட்டப்பட்ட பொருள் அது. கற்ற நாளை மறந்துவிட்டோம். ஆகவே அதை இயல்பு என்கிறோம்.

ஆயினும் சில நாட்களில் அந்தக் கை தேறிவிடுகிறது. முழங்கையை நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றவும், தோளை விடுத்து மணிக்கட்டை மட்டும் அசைக்கவும், அழுத்துமுன் ஒரு கணம் நிலைக்கவும் அது கற்றுக்கொள்கிறது. எங்கே அழுத்தினால் எது திறக்கும் என்னும் கண்ணின் அறிவு குறையாமல் கூடவே வருகிறது. முந்தைய திறன் தாமதப்படுத்துகிறது, வாசலை அடைத்துவிடுவதில்லை. இப்னு கல்தூன் பேசியது முழுத் தேர்ச்சியைப் பற்றியது என்பதையும் நாம் மறக்கலாகாது.

எழுத்துக்கலையில் தேர விரும்புபவர், தேர்ந்தவரின் கை செய்வதை முதலில் வலிந்து செய்யவேண்டும்; செய்யச் செய்ய அதுவே அவர் இயல்பாகும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘இஹ்யா’வில் விளக்குகிறார்கள். அந்த ‘வலிந்து செய்யும்’ நாட்களைத்தான் இன்று நம் இல்லங்களில் முதியோரிடமிருந்து பறித்துவிடுகிறோம். இக்காலத் தொலைக்காட்சிகள் சிலவற்றின் ரிமோட்டும் கையசைவால் அம்பை நகர்த்துவதே. பாட்டனாரின் கையில் அம்பு அலையும்போது, “கொடுங்க, நான் வச்சுத் தர்றேன்” என்று பேரன் பிடுங்கிக்கொள்கிறான். அதற்கு உதவி என்று பெயர். நிகழ்ச்சி உடனே வந்துவிடுகிறது. நாளையும் பாட்டனார் பேரனுக்காகக் காத்திருக்கிறார். பலகையில் அலிஃபை நேராக இழுக்க அப்பேரனுக்கு எத்தனை நாள் பிடித்தது என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

அவருக்குக் கற்கும் விருப்பமே இல்லை, நிகழ்ச்சியைப் பார்த்தால் போதும் என்பாரும் உண்டு. இருக்கலாம். அதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் அன்றோ? நோயினால் கை நடுங்குபவர் செய்தி வேறு. அவருக்கு மேசையும் அதன்மேல் ஒரு மவுஸுமே ஏற்றவை. அந்தரத்தில் கை நீட்டும்படி அவரை வற்புறுத்துவதில் பயனில்லை.