சுடுவது இரும்பா, நெருப்பா?

தென் கேரளத்தின் ஆரியங்கோட்டுப் பக்கத்துக் கொல்லன் பட்டறை ஒன்றை எண்ணிக்கொள்ளலாம். வெட்டுக்கத்தியின் நுனி மட்டுமே உலைக்குள் கிடக்கிறது. சிறிது நேரத்தில் வெளியே நீட்டியிருக்கும் காம்பும் கையைச் சுடுகிறது. சுடுவது எது?

ஆன்மா ஒன்றே மெய் என்னும் அத்வைதிகளுக்கு இது பழகிய உவமை. பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டில் சூடு நெருப்பினுடையது, உருண்டை வடிவம் இரும்பினுடையது. இரண்டையும் குழப்பி 'இரும்பு சுடுகிறது' என்கிறோம். உடலையும் ஆன்மாவையும் அப்படியே குழப்பிக்கொள்கிறோம் என்பது அவர்கள் வாதம்.

இயற்பியல் இங்கே குறுக்கிடுகிறது. வெப்பம் ஒரு பாய்மம் என்று ஐரோப்பாவும் ஒருகாலத்தில் நம்பியது. பீரங்கியைக் குடையும்போது உரசலால் சூடு ஓயாமல் பிறப்பதை 1798-இல் அறிவியலாளர் ரம்ஃபோர்டு காட்டி, அந்த நம்பிக்கையை ஆட்டங்காண வைத்தார். நெருப்பு கத்திக்குள் புகுவதில்லை. நுனியின் அணுக்கள் இருந்த இடத்திலேயே வேகமாக அதிர்கின்றன. ஓடித்திரியும் எலக்ட்ரான்கள் அந்த ஆற்றலைக் காம்புவரை கொண்டுசேர்க்கின்றன. காம்பில் மரப்பிடி போட்டால், அதில் அத்தகைய எலக்ட்ரான்கள் இல்லாததால் கை தப்பிக்கிறது.

சூடு இரும்பின் சொந்த அசைவுதான் என்றால், ஆன்மா என்று தனியே ஒன்றில்லை என்னும் லோகாயதர் மகிழ்வார்: பூதங்கள் கூடினால் உணர்வு தானே பிறக்கும் என்பது அவர் கட்சி.

அத்வைதி விடமாட்டார். கத்தியைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கியதும் 'சுர்'ரென்று அடங்கிப்போகும் சூட்டை இரும்பின் சொந்த இயல்பு என்று எப்படிச் சொல்வது என்பார்.