புகார் நிலுவையில், வசூல் வாசலில்

ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணை நினைத்துக்கொள்வோம். தென்மாவட்டத்து ஊர்க்காரர், கடை கொடுத்த விடுதியில் தங்கியிருப்பவர். வேலை நேரத்தில் செல்போனைத் தொட அனுமதி இல்லை. தீபாவளிக் கூட்டம் நெரியும் ஒரு மாலையில் கடையின் லேண்ட்லைன் அடிக்கிறது. “உங்க ஸ்டாஃப் ஒருத்தங்க போன் பில் 3,400 ரூபா பாக்கி வெச்சிருக்காங்க, கட்டச் சொல்லுங்க” என்கிறது எதிர்முனை. கேட்டுக்கொண்டிருப்பவர் சூப்பர்வைசர். கேட்காத ஒரு சேவைக்குப் பில்லில் பணம் ஏற்றியிருக்கிறார்கள் என்று அந்தப் பெண் கஸ்டமர் கேரில் எப்போதோ புகார் கொடுத்து, புகார் எண்ணும் வாங்கி வைத்திருக்கிறார். அது சூப்பர்வைசருக்குத் தெரியாது. இந்தப் பெண் கடன்காரி என்பது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது.

அனுபவித்த சேவைக்குப் பணம் கட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் அந்தச் சேவையைக் கேட்டாரா இல்லையா என்பதே வழக்காக இருக்கும்போது, ஒரு தரப்பு தானே நீதிபதியாகித் தீர்ப்பு எழுதி, அதை நிறைவேற்ற ஆளையும் அனுப்பலாமா? கூடாது. பில் சரியானதுதான் என்று கடைசியில் தெரியவந்தாலும்கூட, புகாருக்குப் பதில் சொல்லும் முன்பே ஆள் அனுப்பியது தவறுதான். தொகை சரியா என்பது ஒரு கேள்வி. ஒருவரைப் பேசவிடாமல் கடனாளி என்று ஊருக்குச் சொல்லலாமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை தெரியாமலே இரண்டாவதற்குப் பதில் சொல்லிவிடலாம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்துபோன மார்க்கோ போலோ, மாபார் என்று தாம் குறிப்பிட்ட பாண்டிய நாட்டு வழக்கம் ஒன்றைப் பதிந்திருக்கிறார். தவணை சொல்லிச் சொல்லி இழுத்தடிக்கும் கடனாளியைச் சுற்றி, கடன் கொடுத்தவர் தரையில் ஒரு வட்டம் கீறிவிட்டால் போதும். பணத்தைக் கொடுக்காமல், அல்லது தக்க உறுதி தராமல், கடனாளி அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை. ஒரு வெளிநாட்டு வணிகர் அரசரையே இப்படி மறித்ததையும், குதிரை மேலிருந்த அரசர் அவர் பாக்கி தீரும்வரை நகராமல் நின்றதையும் எழுதியிருக்கிறார். கொடிய வழக்கம்தான், திரும்பி வர வேண்டாம். ஆனாலும் அதில் ஒரு நேர்மை இருந்தது. வட்டம் கீறியவர் கடன் கொடுத்தவரே. “கணக்கு தப்பு” என்று உள்ளே நிற்பவர் சொன்னால், அதைக் கேட்க வேண்டிய ஆள் எதிரிலேயே நின்றார்.

இன்று அழைப்பவர் கடன் கொடுத்தவர் இல்லை. கட்டப்படாத பில்களை மொத்தமாகத் திரட்டி ஒரு ஏஜென்சியிடம் ஒப்படைக்கிறார்கள். வசூலானதில் இத்தனை சதவீதம் என்று அதற்குக் கமிஷன். ஏஜென்சி ஊழியரின் கையில் பெயர், முகவரி, மாற்று எண், தொகை எல்லாம் இருக்கும். புகாரின் வரலாறு இருக்காது. பில்லைத் திருத்தவோ தள்ளுபடி செய்யவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்துச் சொன்ன வாடிக்கையாளரிடம் அவர் திரும்பக் கேட்பது, “சரிங்க, எப்ப கட்டுறீங்க?” அடுத்த வாரம் இன்னொரு குரல், மறுபடியும் முதலிலிருந்து. பதிலைக் கேட்டுக்கொள்ளும் அதிகாரம் இல்லாத ஒருவரைக் கேள்வி கேட்க அனுப்புவதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படைக் கோளாறு. குரல் மரியாதையாக இருந்தாலும் கோளாறு கோளாறுதான்.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. மாதக்கணக்கில் பேசிவிட்டு, சிம்மைத் தூக்கி எறிந்து, வேறு எண்ணுக்கு மாறிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயிரம், இரண்டாயிரத்துக்காக ஒவ்வொருவர் மீதும் வழக்குப் போட முடியாது. இந்தியாவின் செல்போன் இணைப்புகளில் பத்தில் ஒன்பது பங்கு ப்ரீபெய்டாக இருக்க, ‘முதலில் பயன்படுத்து, பிறகு கட்டு’ என்று நம்பிக் கொடுப்பது ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும்தான். அந்த நம்பிக்கையைக் கெடுப்பவர்களால் நாணயமானவர்களுக்கும் நஷ்டம். ஆனால் ஓடிப் போனவரையும் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவரையும் ஒரே பட்டியலில் சேர்க்க இதெல்லாம் காரணமாகாது. முன்னவர் ஒளிகிறார், பின்னவர் தாமாக வந்து நிற்கிறார்.

அப்படி வந்து நிற்பவர் எங்கே போய்க் கேட்பது? கோழிக்கோட்டில் பில் தகராறில் ஒருவரின் தொலைபேசியைத் துண்டித்தார்கள். நுகர்வோர் மன்றம் இணைப்பைத் திருப்பித் தரவும் 5,000 ரூபாய் இழப்பீடு வழங்கவும் சொன்னது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டப்படி இத்தகைய தகராறுகள் நடுவரிடம்தான் போக வேண்டும், நுகர்வோர் மன்றத்துக்கு வேலையில்லை என்பது காரணம். வீட்டு போனுக்கும் செல்போனுக்கும் இந்தத் தீர்ப்பைக் காட்டியே நிறுவனங்கள் வழக்குகளைத் தடுத்தன. அகமதாபாத் வாடிக்கையாளர் ஒருவருக்கு மாதம் சராசரியாக 555 ரூபாய் பில் வரும். 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரையிலான ஒரு மாதத்துக்கு 24,609 ரூபாய் 51 காசு வந்தது. 22,000 ரூபாய் இழப்பீடு கேட்டு மன்றத்துக்குப் போனார். அந்த வழக்கு வோடஃபோன் ஐடியாவின் மேல்முறையீடாக உச்ச நீதிமன்றம் வரை போனது. நுகர்வோர் மன்றம் இதை விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பு வந்தது. பில் சரியா தவறா என்பதற்கு அல்ல. எங்கே போய்க் கேட்கலாம் என்பதற்கு மட்டும் எட்டு ஆண்டுகள் போயின. ஒரு மாதப் பில்லுக்கு எட்டு ஆண்டுகள் நின்ற அந்த மனிதருக்கு, போஸ்ட்பெய்டு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கடமைப்பட்டிருக்கிறோம்.

எல்லோராலும் அப்படி நிற்க முடியாது. “கட்டித் தொலைத்துவிடலாமா?” என்ற கேள்வி பிறப்பது இங்கேதான். வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறவர், வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு போன் மணிக்கே நடுங்குகிறவர் கட்டிவிட்டால், அவரைக் கோழை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் நேரமும் படிப்பும் ஓரளவு வசதியும் உள்ளவர், தவறு என்று தெரிந்தே, தொல்லை விட்டால் போதும் என்று கட்டும்போது, மிரட்டினால் பணம் வரும் என்ற கணக்கு உறுதிப்படுகிறது. அந்தக் கணக்கு அடுத்துப் போய் நிற்பது எதிர்த்துப் பேசத் தெரியாதவரின் வாசலில்.

எதிர்ப்பவருக்கும் கடமை உண்டு. பில்லில் தகராறு இல்லாத பகுதியைக் கெடுவுக்குள் கட்டிவிட வேண்டும். புகாரை எழுத்தில் கொடுத்து எண் வாங்க வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். அந்த முறையீட்டை 39 நாளில் முடிக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் வகுத்த விதி. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. “லோக் அதாலத்தில் உங்கள் கேஸ்” என்று வரும் குறுஞ்செய்தியைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. வழக்கமான லோக் அதாலத்தில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு. அழைப்பவரிடம் குரலை உயர்த்தவும் வேண்டாம். டார்கெட்டுக்குப் பயந்து பேசும் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளை அவர். “புகார் எண் இது. நிறுவனத்தை எழுத்தில் பதில் தரச் சொல்லுங்க தம்பி” என்பதற்கு மேல் அவரிடம் பேச எதுவுமில்லை.

2018இல் ஏர்செல் என்ற செல்போன் நிறுவனம் முடங்கியபோது தமிழ்நாட்டில் ஏராளமானோரின் பேலன்ஸ் அதில் மாட்டிக்கொண்டது. எந்த வாடிக்கையாளரும் அந்த நிறுவனத்து அதிகாரியின் வீட்டுக்கோ, அவர் மேலதிகாரிக்கோ போன் போட்டு, “உங்க ஆள் பாக்கி வெச்சிருக்கார்” என்று சொல்லவில்லை; சொல்ல வழியும் இல்லை. பெரியவர் சிறியவருக்குத் தர வேண்டியது மனுவாகக் காத்திருக்கிறது. சிறியவர் பெரியவருக்குத் தர வேண்டியதாகச் சொல்லப்படுவது மட்டும் வாசலுக்கு வந்துவிடுகிறது. தொகையைவிட மனிதரைச் சுடுவது இந்த ஏற்றத்தாழ்வுதான்.

வங்கிக் கடனுக்காவது ஒரு வரம்பு போடப்பட்டிருக்கிறது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைக்கக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி சொன்னது. மிரட்டி வசூலிப்பதைத் தண்டிக்கத் தமிழ்நாடு 2025இல் தனிச் சட்டமே இயற்றியது. இரண்டும் கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கானவை. தொலைபேசி பில் கடன் கணக்கில் வராததால், அதை வசூலிப்பவர் இந்த வரம்புகளுக்கு வெளியே நிற்கிறார். டிராய் ஒரே ஒரு விதி போட்டால் போதும்: புகாரும் மேல்முறையீடும் முடியும்வரை அந்தக் கணக்கு எந்த ஏஜென்சியின் கைக்கும் போகக் கூடாது, முடிந்த பிறகும் வேலை செய்யும் இடத்துக்கோ உறவினருக்கோ அழைக்கக் கூடாது. அதுவரை, கடை முதலாளிகளுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இப்படி ஒரு அழைப்பு வந்தால், “இது எங்க கடை நம்பர், இங்க கூப்பிடாதீங்க” என்று சொல்லி வைத்துவிடுங்கள். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.