மறுக்கப்பட்ட பதக்கம்

திறமையில் சிறந்தவன், ஆனால் அடங்காதவன். இத்தகையோனுக்குரிய சிறப்பை மறுப்பது அநீதியாகுமா? எளிதில் விடை பகரத்தக்க வினாவன்று இது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படையில் பணியாற்றிய குர்ட் நிஸ்பெல் என்பாரை எடுத்துக்கொள்வோம். 1921-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த ஜெர்மானியர் அவர். முதலில் டாங்கியின் பீரங்கியாளராகவும், பின்னர் டாங்கித் தலைவராகவும் நின்று 168 டாங்கிகளை வீழ்த்தினார் என்பது அவர் பெயரில் எழுதப்பட்ட கணக்கு. எனினும் ‘நைட்ஸ் கிராஸ்’ எனும் உயர் விருது அவருக்குக் கிட்டவில்லை. நீண்ட தலைமுடியும் தாடியும், மேலதிகாரிகளுக்குப் பணியாத இயல்பும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ரஷ்யக் கைதியொருவரைத் துன்புறுத்திய அதிகாரியை அவர் தாக்கினார் என்றும் சொல்வர். 1945 ஏப்ரல் 28-இல், போர் முடியப் பத்து நாட்களே இருக்கையில், 23 வயதில் மாண்டார். பெயர் பொறிக்காத குழியிலிருந்து அவரது எலும்புகள் 2013-இல்தான் அடையாளம் காணப்பட்டன.

நீதியை அரபியில் ‘அத்ல்’ என்பர். அதே வேரில் பிறந்த ‘இத்ல்’ எனும் சொல், ஒட்டகத்தின் ஒரு பக்கத்தில் தொங்கும் பாதிச் சுமையைக் குறிக்கும். இரு பக்கச் சுமைகளும் ஒத்திருந்தாலன்றி ஒட்டகம் நேரே நடவாது. ஆகவே நாம் மறுபக்கத்தையும் நிறுப்போம்.

அந்த 168 டாங்கிகளும் வெறும் இரும்பல்ல. ஒவ்வொன்றினுள்ளும் நால்வரோ ஐவரோ இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தம் மண்ணைக் காக்க நின்றவர்கள். நிஸ்பெலின் திறமையோ, பல இலட்சம் அப்பாவிகளைக் கொன்று குவித்த நாஜி ஆட்சிக்கே பயன்பட்டது. அத்தகைய ஆட்சி சூட்டும் பதக்கம் அணியாக அமையாது. அது கழுத்தில் ஏறும் கடனே. அதனை இழந்தமைக்கு நாம் ஏன் இரங்க வேண்டும்?

ஆனால் கைதிக்காக அவர் கையோங்கியது உண்மையாயின், அந்த ஒரு செயல் மட்டும் அவ்வாட்சிக்குரியதன்று, அவருக்கே உரியது. 168-க்கு விருது தேடும் உலகம் அந்த ஒன்றை எண்ணுவதில்லை. முடி வளர்க்கும் அடங்காமை வேறு. எளியோனுக்காக எழும் அடங்காமை வேறு. முன்னது பழக்கம், பின்னது மனசாட்சி. கீழ்ப்படிதல் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வோர் இரண்டையும் ஒரே குற்றமாகப் பதிவு செய்துவிடுகின்றனர்.

போர்க்களத்திற்கு மட்டும் உரிய பிழையோ இது? ஆண்டுதோறும் மாணவர்க்கு நன்னடத்தைப் பரிசு வழங்கும் ஆசிரியர்களாகிய நாமும், வாய் மூடியிருப்பவனையே தேர்ந்தெடுக்கிறோம். அடி வாங்கும் தோழனுக்காக எழுந்து நின்றவனின் பெயரை எத்தனை முறை அடித்திருக்கிறோம்?